பிஸ்டல் கிரிப்பில் தின்னரா? துடைப்பதை முதலில் நிறுத்துங்கள்

தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகள் தேர்தல் முடிந்து வீடு திரும்பியதும் எங்கள் கடையில் கூட்டம் கூடும். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக வேலை பார்த்துவிட்டு, இப்போது வேலூரில் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பழுது பார்க்கிறேன். அப்படி ஒரு நாள் கம்மவான்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா ஒருவர் வந்தார். பிஸ்டலின் கறுப்பு கிரிப், அதாவது கைப்பிடியின் இரு பக்கத் தகடுகள், சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தது. வலது பக்கத் தகட்டில் அவருடைய பெருவிரல் ரேகை கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"கொஞ்சம் தின்னர் தானேப்பா தொட்டேன். அழுக்கு போகலைன்னு இன்னும் நல்லா தேய்ச்சேன்" என்றார்.

அவர் தேய்த்தது அழுக்கையே இல்லை. தின்னரில் பெரும்பாலும் டொலுவீன், அசிட்டோன் போன்றவை கலந்திருக்கும். இந்த கிரிப் செய்யப்பட்ட ஏ.பி.எஸ். என்ற வகை பிளாஸ்டிக்கை அவை கரைத்துவிடும். மேல்தோல் கரைந்து கரடாகிவிடுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. இளகிய நிலையில் துடைக்கத் துடைக்க இன்னும் கெடும். பிரேக் கிளீனர், கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேக்களிலும் இதே ஆபத்து உண்டு. பழைய பேக்லைட் (இளகாத கெட்டி பிளாஸ்டிக்) கிரிப்பும் நைலான் கிரிப்பும் தின்னரைத் தாங்கும். எது எதுவென்று தெரியாவிட்டால், கழற்றிய கிரிப்பின் உள்பக்க மூலையில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு முறை தொடுவேன். பஞ்சில் கறுப்பு ஒட்டி, தொட்ட இடம் பிசுபிசுத்தால் அது கரையும் ரகம்.

தவறிப்போய்த் தின்னர் பட்டுவிட்டால் மேகசினை (குண்டுகள் அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பரில் (சுடும் முன் குண்டு உட்காரும் இடம்) குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கிரிப்பைத் தனியாக எடுத்து நிழலில் வையுங்கள். வெயிலில் வேண்டாம். நம்மூர் அக்னி நட்சத்திர வெயிலில் இளகிய தகடு வளைந்துவிடும். இரண்டு மூன்று நாளாவது விரல் படாமல் கிடக்கட்டும். உள்ளே ஊறிய தின்னர் போனால்தான் தகடு மறுபடி இறுகும்.

அப்புறம் வழவழப்பான பகுதியில் 800 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். பிறகு 1000, 1500, 2000. கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். வெண்மை மறைந்து கறுப்பு திரும்பும்போது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். கட்டம் கட்டமாகச் செதுக்கிய பகுதியில் மட்டும் பேப்பரே படக்கூடாது, பிடிமானம் அங்கேதான் இருக்கிறது. பழைய பல் பிரஷ்ஷில் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் போதும். கொஞ்சம் வெளுப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

சிலர் தேங்காய் எண்ணெய் தடவிக் கறுப்பாக்கிக் கொண்டு வருகிறார்கள். எண்ணெய் துடைபட்டுப் போனால் வெளுப்பு திரும்பிவிடும், போகும்வரை பிஸ்டல் கையில் வழுக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எனக்கு வெளுப்பைவிடப் பயம் ஸ்க்ரூ ஓட்டையில்தான். ஸ்க்ரூ இறுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் ஏற்கெனவே விறைத்து நிற்கும். அங்கே தின்னர் இறங்கினால் முடி போல விரிசல் விடும், சில சமயம் நாலு நாள் கழித்துத்தான் கண்ணுக்கே தெரியும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சூப்பர் க்ளூ வேண்டாம், கிரிப்பையே மாற்றிவிடுங்கள். அதையும் உரிமம் உள்ள கடையில்தான் செய்ய வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் தேவை.

இனி சுத்தம் செய்யும்போது கிரிப்பைக் கழற்றிவிட்டு இரும்புக்கு மட்டும் சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) போடுங்கள். கிரிப்புக்கு சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

சுபேதார் ஐயாவின் இடது தகடு தேறிவிட்டது. வலது தகட்டில் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்ததால் புதிது போட்டோம். இரண்டு கறுப்பும் ஒன்றுபோல இல்லை. கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கெட்டியா நிக்குது, அது போதும்பா" என்றார்.