ஒன்பது மணல் டாலர்கள், ஒன்பதும் உயிரோடு

போன ஞாயிறு, சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடற்கரையில் கடல் வற்றியிருந்தது. என் குழுவில் வந்த ஓர் அக்கா பேரனுக்காகச் சேர்த்ததைப் பையைத் திறந்து காட்டினார். ஒன்பது மணல் டாலர்கள், நாணயம் போல வட்டமான, தட்டையான கடலுயிர்கள். மணலில் இறங்கும் முன்பே எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லித்தான் இறக்கினேன். "செத்துக் கிடக்கிற ஓடுதானே தம்பி" என்கிறார். இந்த வருடம் இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

ஓடு இல்லை அக்கா. செத்ததென்றால் வெளுத்து, வழுவழுப்பாக, அப்பளம் மாதிரி நொறுங்கும். உயிருள்ளதன் மேல் வெல்வெட் போல நுண்ணிய முட்கள் இருக்கும், அவற்றால்தான் அது மணலுக்குள் நகர்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக. அசையாமல் கிடப்பதெல்லாம் பிணம் என்று யார் சொன்னது? பூப்போல விரியும் கடலுயிரான கடல் சாமந்தி ஈரத்துணி போலச் சுருண்டு கிடக்கும், நட்சத்திர மீன் அப்படியே படுத்திருக்கும், எல்லாம் தண்ணீர் திரும்பி வரக் காத்திருக்கின்றன. வீட்டில் சமையல் உப்பைக் கரைத்த வாளியில் எதுவும் பிழைக்காது.

அடுத்து, "பாதுகாக்கப்பட்ட இடம்தானே, குறைந்தா போகும்?" என்பார்கள். சட்டப்படி இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டவை புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கும்தான். செக் ஜாவா அதில் இல்லை. இங்கே கடலை மண்ணால் நிரப்பி நிலமாக்கும் நிலமீட்புப் பணி தொடங்கவே இருந்தது. மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்து, எழுதிப் போராடிய பிறகு, 2001 டிசம்பரில் அதை ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தார்கள், கைவிடவில்லை. நாம் நடக்கிற கடலோர நடைபாதை 2007இல்தான் திறந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் கொட்டிய மழைநீர் ஆற்றுவழியே இறங்கி, உப்பு குறைந்து, இந்தத் திட்டிலே கடல் சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஒரு மழைக்கே தாங்காத இடம் இது.

சரி, வருகிறவர்கள் கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் நடைபாதையைத் தாண்டி இறங்காதீர்கள். முன்னால் போனவர் காலடியிலேயே கால் வையுங்கள். படம் எடுக்க எதையும் தூக்காதீர்கள், குனிந்து எடுங்கள். பிளாஸ்டிக் வாளியைச் சாங்கியில் படகு ஏறும் முன்பே பையில் வைத்துவிடுங்கள்.

ஒன்பதையும் எடுத்த இடத்திலேயே வைத்தோம், அதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அக்கா, அடுத்த முறை பேரனையே கூட்டி வாருங்கள், மணலுக்குள் அது எப்படிப் புதைகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன்.