பழைய ஸ்பானிய வெள்ளிக்குப் புது சென்ட்: 1857 சட்டத்தில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது?

அமெரிக்காவின் 1857 நாணயச் சட்டம் என்றாலே நாணயம் சேகரிப்பவர்கள் அதோடு வந்த, பறக்கும் கழுகு போட்ட புது சென்ட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சாதாரண ஜனங்கள் கையிலிருந்த சில்லறைக்கு அந்தச் சட்டம் என்ன கொடுத்தது என்பது.

முதலில் காசைப் பார்த்துவிடலாம். பழைய சென்ட் முழுக்கச் செம்பு, 10.89 கிராம். செம்பு விலை ஏறியதும் கட்டுப்படியாகவில்லை. பிலடெல்பியா நாணயச்சாலை 1850-லேயே நடுவில் ஓட்டை வைத்த சென்ட்டை மாதிரிக்கு அடித்துப் பார்த்தது, அப்புறம் வேறு வேறு கலவைகள், கடைசியில் 88 பங்கு செம்பும் 12 பங்கு நிக்கலும் சேர்ந்த 4.67 கிராம் காசில் வந்து நின்றது. பறக்கும் கழுகும் 1856 என்ற ஆண்டும் போட்ட சில நூறு மாதிரிகளை, சட்டம் நிறைவேறும் முன்பே நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுத்தார்கள். பாதிக்கும் குறைவான எடையில் ஒரு சென்ட் எப்படியிருக்கும் என்று தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1857 பிப்ரவரி 21-இல் வந்தது. அதுவரை கடைகளில் தாராளமாகப் புழங்கிய, தேய்ந்துபோன ஸ்பானிய வெள்ளிக் காசுகளுக்கு இனி சட்டப்படி செல்லுபடி கிடையாது. ரியால் என்பது அந்த ஸ்பானிய வெள்ளிக் காசின் அலகு. இரண்டு ரியால் மதிப்புள்ள ஒரு காசு கடையில் 25 சென்ட்டுக்குப் போனது, ஒரு ரியால் 12½, அரை ரியால் 6¼. அதையே தபால் நிலையத்திலோ கருவூலத்திலோ கட்டினால் 20, 10, 5 சென்ட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நாணயச்சாலையில் கொடுத்துப் புது சென்ட்டாக வாங்கினால் பழைய முழு மதிப்பும் கிடைக்கும், இரண்டு ஆண்டுகள் வரை. அதாவது நான்கு இரண்டு ரியால் காசுகளுக்குத் தபால் நிலையத்தில் 80 சென்ட், நாணயச்சாலையில் 100. பழைய செம்புக் காசையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். அரை சென்ட் அடிப்பது அதோடு நின்றது.

மே 25 அன்று நாணயச்சாலை முற்றத்தில் 'சென்ட்டுக்கு சென்ட்', 'வெள்ளிக்கு சென்ட்' என்று இரண்டு வரிசைகள். 500 காசுகள் கொண்ட பையை, ஐந்து டாலர் மதிப்பு, தூக்கிக்கொண்டு போனார்கள். நாணயச்சாலைக்கு வந்து நிற்க முடிந்தவருக்கு முழு மதிப்பு, தூரத்து ஊர்க்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு நட்டம். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அப்படி வாங்கிய சென்ட்டைக் கடைக்காரர் வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தக் கட்டாயம் 1864-இல்தான் வந்தது, அதுவும் 10 சென்ட் வரை மட்டும். அதற்குள் கழுகும் போய், நிக்கல் கலவையும் போய், வெண்கல சென்ட் வந்துவிட்டது.