பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கனத்த தகடும் மலை இறக்கமும்

செங்கோட்டையில் பிரேக் பட்டறை நடத்துகிறேன். சாரல் காலம் தொடங்கி, கொல்லம், புனலூர்ப் பக்கமிருந்து குற்றாலத்துக்கு வண்டிகள் வரத் தொடங்கியதும், "அந்தக் காலத்துக் கார் தகடு எவ்வளவு கனம், இப்போதைய கார் இடித்த உடனே அப்பளமாகிவிடுகிறதே" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதைக் கேட்கிறேன். இந்த நம்பிக்கை ஆபத்தானது. இன்றைய குடும்பக் காரின் முன்பகுதி மடங்கி மோதலின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மடங்கக் கூடாதது ஆட்கள் அமரும் அறைதான். அமெரிக்காவில் 2009-இல் 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல்ஏரையும் 2009 மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டபோது, பெல்ஏரின் ஓட்டுநர் அறை உள்ளே நொறுங்கியது. மாலிபுவின் அறை ஏறக்குறைய அப்படியே நின்றது.

என் தொழில் பிரேக் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்றவற்றின் தொடக்ககால வண்டிகளில், நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்றுதான். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரைவரை போய்விடும். இன்றைய செடானில் இரண்டு தனிச் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்த உதவும். ஈரச் சாலையில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதை ஏபிஎஸ் என்ற மின்னணு அமைப்பு தடுப்பதால், பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீரிங்கைத் திருப்பவும் முடிகிறது.

ஷெட்டில் நெடுநாள் நின்ற பழைய காரின் பின் டிரம்மைக் கழற்றினால், பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழிகளும், ஊதிப்போன ரப்பர் கப்பும், கறுத்த எண்ணெயும் இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் பெடலை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காமல் போகும்.

செடான் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நிறுவனம் வேறு கெடு சொல்லாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய காரில் பெட்ரோல் ஹோஸ்களையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழங்கால ரப்பரைக் கெடுத்துக் கசியச் செய்யும், சூடான எஞ்சின் மேல் கசிந்தால் தீப்பிடிக்கும். டயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டைப் படித்து அதன் தயாரிப்பு ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

50 ஆண்டு கடந்து விண்டேஜாகப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட 2021-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் அனுமதிப்பதில்லை. கண்காட்சிக்கோ பேரணிக்கோ மலை தாண்டிக் கொண்டுவருபவர்கள், குழந்தைகளைப் பின்னால் வரும் செடானில் ஏற்றிவிட்டு, பிரேக்கை விடாமல் மிதிக்க வேண்டியிராதபடி, இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு மாறிவிடுங்கள்.