பில்லில் வராத கணினிச் செலவு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கடையோ ஆலையோ நடத்துகிறவர்கள் கணினி வேலையை வெளியாளிடம் கொடுக்கும்போது முதலில் கேட்பது "மாதம் எவ்வளவு வரும்?" என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்த கணக்குகளில் பெரிய இழப்பு மாதக் கட்டணத்தால் வரவில்லை. அந்த ஆளை மாற்ற வேண்டி வந்தபோதுதான் வந்தது.

கல்முனையில் ஒரு புடவைக் கடை. இணையத்தளம், மின்னஞ்சல், பில் போடும் மென்பொருள் எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தார். நல்ல வேலைக்காரர். பிறகு வெளிநாடு போய்விட்டார். டொமைன், அதாவது இணையத்தளத்தின் முகவரிப் பெயரைப் புதுப்பிக்கும் நாள் வந்தது, நினைவூட்டல் மடல்களோ அவருடைய சொந்த ஜீமெயிலுக்குப் போயின. பதிவு அவர் பெயரில்தான் இருந்தது. "தம்பி, காசு கட்டினது நான். பெயர் எப்படி அவருக்குப் போகும்?" என்று முதலாளி கேட்டார். பற்றுச்சீட்டு அவரிடம் இருந்தது உண்மை. ஆனால் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் உரிமையாளராக எடுப்பார்கள். தளம் நின்றது. மின்னஞ்சலும் அதே டொமைனில் ஓடியதால் கொழும்பு மொத்த வியாபாரிகளின் விலைப்பட்டியலும் வரவில்லை. ஆளைத் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றும்வரை வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது.

டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்), மின்னஞ்சலின் அட்மின் கணக்கு (எல்லாவற்றையும் மாற்ற அதிகாரமுள்ள கணக்கு), மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்ட், இந்த நான்கும் கடையின் பெயரில், முதலாளி கையில் இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள், வேலை முடிந்ததும் அதை மூடிவிடலாம். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் நின்றால் அதை மீட்க வரும் மடலும் உங்களுக்கு வந்து சேராது.

அடுத்தது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 வரை போனது. மாதம் 10 டொலருக்கு எடுத்த சேவை, யாரும் விலை கூட்டாமலே 2,000 ரூபாவிலிருந்து 3,600 ஆனது. ஆகவே எந்தச் சேவைக்கு டொலரில் கட்டுகிறீர்கள், அதை எத்தனை பேர் உண்மையில் பாவிக்கிறார்கள் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். விலகிப்போன ஊழியரின் மின்னஞ்சல் கணக்குக்கு மாதாமாதம் காசு போவதை நான் அடிக்கடி காண்கிறேன். விலை கேட்கும்போது வற் வரி சேர்த்தா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது) 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததைக் காட்டி, எல்லாக் கணினியையும் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் தராசோடு இணைத்த கணினி இணையத்தைத் தொடுவதேயில்லை. அது இருக்கட்டும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை முதலில் மாற்றுங்கள்.

வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம், கடன் விபரம் போன்றவற்றை வெளியாள் கையாண்டாலும் அவற்றைக் காக்கும் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான்.

தெரிந்த பிள்ளை, சொந்தக்காரர் என்று வாய்ப்பேச்சில் வேலையைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். நம்பிக்கை இருக்கட்டும், ஒரு பக்கத் தாளும் இருக்கட்டும். வேலை நின்றால் தரவை எத்தனை நாளில், எந்த வடிவில் திருப்பித் தருவார் என்பது அதில் இருக்க வேண்டும். எக்செல்லில் திறக்கும் கோப்பாகக் கேளுங்கள். அந்த மென்பொருளுக்குள் மட்டும் திறக்கும் கோப்பை வைத்துக்கொண்டு அடுத்த ஆளால் ஒன்றும் செய்ய முடியாது. பெக்கப் (தரவின் மேலதிகப் பிரதி) எடுக்கிறோம் என்று சொன்னால், கடை மூடிய ஒரு மாலையில் அதை வேறு கணினியில் போட்டு, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.