பாம்புக்கடிப் பாடம் யார் மொழியில் இருக்க வேண்டும்?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை, பாம்பு கடித்து ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள், தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆளைத்தான் நேரத்துக்குக் கொண்டுவருவதில்லை. கடிபட்ட முதல் அரை மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பது டாக்டர் இல்லை; வீட்டுக்காரரோ, பக்கத்துத் தெரு சுகாதாரத் தன்னார்வலரோதான்.

அவர்களுக்காகவும் இணையத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, தரமானவைதான், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம். நான் பயிற்சி கொடுக்கும் களப்பணியாளர்கள் பலர் அதைத் திறந்து, அடுத்து அடுத்து என்று அழுத்தி, பதில்களை ஊகித்துச் சான்றிதழும் வாங்கிவிடுகிறார்கள். மனதில் எதுவும் நிற்பதில்லை. இதில் அவர்கள் மேல் குற்றமே இல்லை.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்தால் வலி பெரும்பாலும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட தடம்கூடச் சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பார், அப்புறம் இமை கனத்துக் கண்ணைத் திறக்க முடியாமல் போகும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிற வீடுகள் உண்டு. இதையே வகுப்பில் தமிழில் சொன்னால் உடனே கேள்வி வருகிறது: "அப்போ கயிறு கட்டவே கூடாதா டாக்டர்?" கூடாது. கீறவும் கூடாது, வாய் வைத்து உறிஞ்சவும் கூடாது. எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும். அந்தக் கேள்வி வந்தால்தான் பாடம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

தமிழில் போட்டுவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. திருவள்ளூர் செங்கல் சூளைகளில் தரையில் படுக்கும் ஒடிசா தொழிலாளர்களுக்கு ஒடியாவில் வேண்டும். முடியாத காரியமா? உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய ஓபன்டபிள்யூஎச்ஓ தளம், கொரோனா காலத்தில் 60க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடங்களைக் கொடுத்தது. அவசரம் என்று நினைத்தோம், நடந்தது. பாம்புக்கடி மட்டும் ஏன் அவசரமில்லை?

தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். எந்த ஊரில் யாருக்குக் கடி அதிகம் என்பது இனி தெரியவரும். பாடம் தயாரிக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய சின்ன ஒலிப்பதிவாக, அந்த மாவட்டத்துப் பேச்சில் செய்யுங்கள். தேர்வுக் கேள்விகளையும் அதே மொழியில் வையுங்கள். வெளியிடும் முன் ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் போட்டுக் காட்டி, அவர் புரியவில்லை என்று சொல்லும் வரிகளை மாற்றி எழுதுங்கள்.