ஸ்டீரியோடைப்: தமிழில் அச்சுவார்ப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கோப்பிக்கடையில் பசியாற உட்கார்ந்தால் மேசையில் பத்திரிகை கிடக்கும். வெளிநாட்டுப் பக்கத்தில் ஆப்பிரிக்கா என்றால் பஞ்சம், வங்காளதேசம் என்றால் வெள்ளம். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கும் தம்பி வங்காளதேசத்துக்காரர். அவருடைய அக்கா ஊரில் பள்ளி ஆசிரியை. அப்படி ஒரு வங்காளதேசத்தை நான் எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை.

இதைத்தான் ஸ்டீரியோடைப் என்கிறோம். சொல் பிறந்ததே அச்சுக்கூடத்தில். கிரேக்கத்தில் ஸ்டீரியோஸ் என்றால் கெட்டி, டைப்போஸ் என்றால் பதிந்த தடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் அச்சகக்காரர் ஃபிர்மின் டிடோ வைத்த பெயர் இது. பிற்காலச் செய்தித்தாள் அச்சகங்களில், கோத்த எழுத்துகள்மேல் ஈர அட்டையை அழுத்தித் தடம் எடுத்து, அதில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஆறினால் முழுப் பக்கமும் ஒரே தகடு. எத்தனை ஆயிரம் படியும் அடிக்கலாம். ஓர் எழுத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மரத்தில் பால் சேரும் மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் போன பாலை, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, வரி வெட்டிய உருளையில் கொடுப்பார்கள். வரும் ஷீட் எல்லாவற்றிலும் அதே வரி. எந்த மரத்துப் பால், யார் வெட்டியது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இந்தச் சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார். நேரில் பார்க்காத உலகத்தை நம் தலைக்குள் இருக்கும் படங்களை வைத்தே புரிந்துகொள்கிறோம் என்றார். 2014 செப்டம்பரில் மங்கள்யான் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் போட்ட கேலிச்சித்திரத்தில் இந்தியா எப்படி இருந்தது தெரியுமா? மாட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிச் சங்கத்தின் கதவைத் தட்டும் விவசாயியாக. எதிர்ப்பு வலுத்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். செய்தி புதிது, தகடு பழையது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒரேமாதிரி' போதாது, வார்த்தெடுத்தது என்ற பொருள் அதில் இல்லை. 'வார்ப்புரு' கணினியில் டெம்பிளேட்டுக்குப் போய்விட்டது. 'முன்முடிவு' என்பது தீர்ப்பு. இதுவோ ஒரு படம். 'தேய்வழக்கு' கிளீஷேக்கு உரியது (கிளீஷேயும் இதே அச்சுத் தகட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்தான்). 'அச்சில் வார்த்தாற்போல' என்று நாம் பேச்சிலேயே சொல்கிறோமே, அதனால் 'அச்சுவார்ப்பு' என்பதே என் தேர்வு. பெயரடையாக வரும்போது அச்சுவார்ப்புச் செய்தி, அச்சுவார்ப்புப் படம் என்று எழுதலாம்.