ஆறாவது பல் பால் பல் அல்ல

போன வாரம் ஒரே நாளில் மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் அதே பல். மூன்றாவதாக வந்தவன் அணைக்கட்டுப் பக்கத்து எட்டு வயதுப் பையன். கன்னம் வீங்கியிருந்தது, இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. வாயைத் திறந்து பார்த்தால், கீழ் வலது கடைசிப் பல்லில் பாதியைக் காணோம். மிச்சம் கறுத்த குழி. அவன் அம்மா பதற்றமே இல்லாமல் சொன்னார்: "பால் பல்லுதானே டாக்டர், தானா விழுந்துடும்னு வுட்டுட்டோம். புடுங்கிடுங்க, வேற மொளைக்கும்."

முளைக்காதும்மா. அந்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது.

காட்பாடியில் பல் பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து இந்த ஒரே பேச்சை எத்தனை பேரிடம் பேசியிருப்பேனோ, கணக்கில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமும் இதில் இல்லை. காரில் வந்து இறங்குபவர்களும் "மில்க் டூத்தானே டாக்டர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், ஒரு பல் விழுந்தால்தான் இன்னொரு பல் வரும் என்று நாம் நினைக்கிறோம். முன்பல்லுக்கு அது சரி. ஆடும், விழும், சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம். கூரை வீடு போய் மாடி வீடு வந்த பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் எறிகிறார்கள். விழுந்த பல்லுக்கு இவ்வளவு மரியாதை உண்டு. ஆனால் ஆறு வயதையொட்டி, பால் பற்கள் எல்லாம் அப்படியே இருக்கும்போதே, அவற்றுக்குப் பின்னால் வெறும் ஈறாக இருந்த இடத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எதுவும் ஆடவில்லை, விழவில்லை, ரத்தம் இல்லை. அதனால் அவை வந்ததே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அவைதான் பிள்ளையின் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள். பல நேரம் முன்பல் விழுவதற்கு முன்பே வந்துவிடும். அறுபது வயதிலும் கடலை மெல்ல வேண்டிய பற்கள் அவை.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை பால் பல்லின் இடம். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது பால் பல் அல்ல. ஆறு வயதில் ஆறாவது பல், இதை மட்டும் நினைவில் வையுங்கள். நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் 'ஆறு' என்றுதான்.

போன வருடம் குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசப் போயிருந்தேன். மனிதனுக்கு எத்தனை பற்கள் என்றேன். "முப்பத்திரண்டு!" என்று கூரை பறந்தது. வெட்டும் பல், கோரைப் பல், முன்கடைவாய்ப் பல், பின்கடைவாய்ப் பல் என்று ராகம் போட்டுச் சொன்னார்கள். சரி, உன் வாயில் எத்தனை என்றேன். அதற்கும் முப்பத்திரண்டு! சுவரில் மாட்டியிருந்த படம் பெரியவர் வாய், அதைத்தான் ஒப்பித்தார்கள். பால் பற்கள் 20. அதில் வெட்டும் பல் 8, கோரைப் பல் 4, கடைவாய்ப் பல் 8. முன்கடைவாய்ப் பல் என்பதே பால் பல் வரிசையில் கிடையாது. பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதில் விழுந்த பிறகு அதே இடத்தில் வருவதுதான் அது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, விழுந்தது போக, 24 வரை இருக்கும்.

படத்தை ஓரம் வைத்துவிட்டு ஆளுக்கொரு துண்டு கொய்யா கொடுத்தேன். எந்தப் பல்லால் கடித்தாய்? முன்பல், கத்தி மாதிரி. பொங்கலுக்குக் கரும்பை எதால் பற்றி இழுப்பாய்? ஓரத்தில் கூராக இருக்கிறதே, அதால். கடித்ததை நாக்கு எங்கே தள்ளுகிறது? பின்னால். சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "சார், மேடு பள்ளமா இருக்கு!" அம்மியைக் கொத்தி விட்டால்தான் அரைபடும், அதேதான். ஆனால் அந்தப் பள்ளம் பிரஷ்ஷின் ஒரு முடியைவிடக் குறுகலாகவும் இருக்கும். பிஸ்கட் மாவும் மிட்டாயும் அதில் அப்பிக்கொண்டால் சுலபத்தில் வெளியே வராது. புதிதாக முளைக்கும் பல் மற்றவற்றைவிடத் தாழ்வாக வேறு இருக்கும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடத்தை மாற்ற வேண்டாம். அந்தப் படம் வரும் நாளில் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து, பிள்ளைகள் தங்கள் வாயை எண்ணட்டும். அது போதும்.

இனி பெற்றோருக்கு. ஏழெட்டு வயது வரை நீங்கள் தேய்த்து விடுங்கள். "அவனே தேச்சுக்கிறான்" என்று பெருமைப்படுவது அப்புறம் இருக்கட்டும். பிரஷ்ஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்கே நுழைத்து ஆறாவது பல்லைத் தனியாகத் தேயுங்கள். காலையில் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. அதற்குக் கீழே அரிசி அளவு. கரியும் செங்கல் பொடியும் வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. இரவு பல் தேய்த்த பின் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் தேய்த்தது வீண். வலிக்கிறதென்று மருந்துக்கடையில் வாரக்கணக்கில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்கும்.

பால் பல் சொத்தையானால் பரவாயில்லை என்றும் நான் சொல்லவில்லை. அடியில் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான். அதைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

ஆறாவது பல் முழுதாக வெளியே வந்ததும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடுவோம், சீலன்ட் என்போம். ஊசி இல்லை, அறுப்பு இல்லை, பல்லுக்குச் சில நிமிட வேலை. சொத்தை வந்த பிறகு வந்தால் கதை வேறு. எட்டு வயதில் அந்தப் பல்லின் வேர் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. நுனி நாயனத்தின் வாய் போல விரிந்திருக்கும். பெரியவர்களுக்குச் செய்வது போல ரூட் கெனால் செய்து கேப் போட்டு அனுப்ப முடியாது.

அந்தப் பையனுக்கு வீக்கத்தை அடக்கி, எக்ஸ்ரே பார்த்து, கடைசியில் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. 12 வயதையொட்டி வரும் பின்பல் முன்னால் நகர்ந்து கொஞ்சம் இடத்தை அடைக்கலாம், அதுவும் சாய்ந்தபடி வரலாம். கூட அவன் தங்கை வந்திருந்தாள், ஆறு வயது. அம்மாவையே எண்ணச் சொன்னேன். ஐந்து வரை வேகமாக எண்ணியவர், ஈற்றிலிருந்து பாதி எட்டிப் பார்த்த ஆறாவதில் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முழுதாக வர இன்னும் சில மாதமாகும், நடுவில் ஒருமுறை காட்டுங்கள் என்று சீட்டில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். வராவிட்டால் நானே கூப்பிடுவதாக இருக்கிறேன்.